கோப்பை கழுவிய கைகளில் ஒரு கம்பனி



ஒரு நாளில் எத்தனை கோப்பை கழுவுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் உடனே ஒரு கணக்குச் சொல்ல உங்களால் முடியுமா? காலையில் தேநீர்க் கோப்பைகள், பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகள், மதியத்தில் சட்டி பானைகள், இரவில் மீண்டும் கோப்பைகள் என்று அது முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும். சமைத்ததையாவது யாரேனும் ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்வார். கழுவிக் கவிழ்த்து வைத்த கோப்பையைப் பார்த்து எவரும் எதுவும் சொல்வதில்லை. கழுவாமல் கிடந்தால் மட்டுமே பேச்சு வரும்.

எவரும் மதிக்காத இந்த வேலையிலிருந்து ஒரு பெண் ஒரு கம்பனியையே உருவாக்கினார். ஹோட்டல்கள், உணவகங்கள், வைத்தியசாலைகள் ஆகியவற்றின் பெரிய சமையலறைகளுக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரங்களைச் செய்து விற்ற கம்பனி அது. அவர் பெயர் ஜோசபின் கொக்ரன். அமெரிக்காவில் வாழ்ந்தவர். கணவரை இழந்து, கடனோடு தனித்து நின்றபோதுதான் இந்தத் தொழிலைத் தொடங்கினார்.

அவருடைய இயந்திரத்தைவிட, அந்த இயந்திரமும் கம்பனியும் கடைசிவரை யாருடைய கையில் இருந்தன என்பதே எனக்கு முக்கியமாகப்படுகிறது. தொழில் செய்யும் பெண்கள் எல்லோருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. அதனால்தான் இந்த மாதம் அவருடைய வரலாற்றை உங்களுக்குச் சொல்லத் தீர்மானித்தேன்.

பிறந்த வீடும் புகுந்த வீடும்

ஜோசபின் 1839 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8 ஆம் திகதி ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார். நாம் இன்று சர்வதேச மகளிர் தினம் கொண்டாடும் அதே திகதி! ஆனால் அப்படியொரு தினம் உருவாக அதன் பின்னர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் செல்லவேண்டியிருந்தது.

தந்தை ஜோன் காரிஸ் ஒரு பொறியியலாளர். நீராலைகளையும் நீர் இறைக்கும் இயந்திரங்களையும் அறிந்தவர். தாயாரின் முன்னோரான ஜோன் பிச் என்பவர் அமெரிக்காவில் நீராவிப் படகை முதலில் ஓட்டிக் காட்டியவர்களுள் ஒருவர். இப்படி இயந்திரங்களைப் பற்றிய பேச்சு இருந்த குடும்பத்தில் பிறந்தும், பெண் பிள்ளை என்பதால் ஜோசபினுக்குப் பொறியியல் படிக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான் அவருக்குக் கிடைத்த படிப்பு.

1858 இல், 19 வயதில், இலினோய் மாநிலத்தின் ஷெல்பிவில் என்ற சிறு நகரத்தில் வில்லியம் கொக்ரன் என்பவரை மணந்தார். வில்லியம் துணி வியாபாரத்தில் பணம் சம்பாதித்தவர். அரசியலிலும் ஈடுபட்டவர். மூன்று ஆண்டுகளில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. 1861 முதல் 1865 வரை நீடித்த அந்தப் போர் நாடெங்கும் ஏராளமான பெண்களை விதவைகளாக்கியது. கொக்ரன் குடும்பமோ போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வசதியாகவே வாழ்ந்தது. 1870 இல் அவர்கள் பெரிய மாளிகை ஒன்றுக்குக் குடிபோனார்கள். அங்கு விருந்துகள் அடிக்கடி நடக்கும்.

அந்த விருந்துகளில் வைக்கப்பட்டவை பரம்பரையாக வந்த விலையுயர்ந்த பீங்கான் கோப்பைகள். விருந்து முடிந்தபின் வேலைக்காரர்கள் கழுவும்போது அவற்றின் விளிம்புகள் உடைந்தன. மனம் பொறுக்காத ஜோசபின் தாமே கழுவத் தொடங்கினார். கழுவக் கழுவத்தான் அந்த வேலையின் அலுப்பு அவருக்கு விளங்கியது. துணி தைக்க இயந்திரம் வந்துவிட்டது, கோப்பை கழுவ ஏன் ஒன்று வரவில்லை என்று அவர் யோசித்தார். வேறு எவரும் செய்யாவிட்டால் தாமே செய்வதென்று முடிவெடுத்தார் என்பார்கள்.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் ஒன்றை இங்கே சொல்லாமல் கடந்துபோக முடியாது. அந்தக் கோப்பைகளை அதற்குமுன் நாள்தோறும் கழுவியவர்களின் பெயர்களை வரலாறு எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கும் இந்த வேலை அலுப்பாகத்தான் இருந்திருக்கும். அவர்களின் அலுப்பு எவருக்கும் பிரச்சினையாகத் தெரியவில்லை. வீட்டுத் தலைவியின் கை நீரில் நனைந்த பிறகுதான் அது ஒரு பிரச்சினையாகக் கணக்கில் எடுக்கப்பட்டது.

கடன் வந்த நாட்கள்

1883 ஆம் ஆண்டு வில்லியம் இறந்துபோனார். ஜோசபினுக்கு அப்போது வயது 44. வெளியில் தெரிந்த செல்வம் உள்ளே இருக்கவில்லை. கையில் மிஞ்சிய பணம் ஏறத்தாழ 1,500 டொலர். அதோடு பெருங்கடனும் இருந்தது.

இந்த இடத்தில் உங்களில் பலர் வாசிப்பதைச் சற்று நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாளிகையில் வாழ்ந்தவருக்கும் ஓலைக் கொட்டிலில் வாழ்ந்தவருக்கும் எத்தனையோ வித்தியாசம் உண்டு. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதுநாள் வரையும் கணக்கு வழக்கு எதுவும் காட்டப்படாத ஒரு பெண், ஒரு நாள் விடியும்போது கடன்காரர்களின் முன்னால் தனியே நிற்பது எங்கும் ஒரே மாதிரியான துயரம்தான். குடும்பத்துக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது, எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரியவருகிறது.

இயந்திரம் பற்றிய யோசனை ஜோசபினுக்கு முன்பே இருந்தது. அதைச் செய்தே தீரவேண்டும் என்ற அவசியம் இப்போதுதான் வந்தது. பொழுதுபோக்காக இருந்த எண்ணம் பிழைப்புக்கான வழியாக மாறியது.

விறகுக் கொட்டிலில் ஒரு தொழிற்சாலை

வீட்டுக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டில்தான் அவருடைய முதல் வேலைத்தலம். முதலில் கோப்பைகளை அளந்தார். பெரிய கோப்பை, சிறிய கோப்பை, தேநீர்க் கிண்ணம், அதன் தட்டு என்று ஒவ்வொன்றின் அளவுக்கும் ஏற்றபடி கம்பியால் தனித்தனி அறைகள் செய்தார். இந்தக் கம்பி அறைகளை ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். சக்கரம் ஒரு செம்புக் கொதிகலனுக்குள் படுக்கையாகக் கிடந்து சுழலும். சுழலும்போது சவர்க்காரம் கலந்த சுடுநீர் கீழிருந்து விசையோடு பீறிட்டுக் கோப்பைகளில் அடிக்கும். அதன் பின் தெளிந்த சுடுநீரால் அலசப்படும்.

பாத்திரம் கழுவ இயந்திரம் செய்ய முயன்ற முதல் ஆள் இவரல்ல. 1850 இலேயே ஜோவல் ஹோட்டன் என்பவர் மரத்தாலான ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கையால் சுழற்றினால் அது கோப்பைகள்மேல் தண்ணீரைத் தெளிக்கும். ஆனால் ஒழுங்காகக் கழுவாது. ஜோசபினின் கருவி சரியாக வேலை செய்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தேய்ப்பதற்குப் பதிலாக நீரின் விசையையே அவர் நம்பினார். மற்றது, ஒவ்வொரு கோப்பையும் அசையாமல் அதனதன் இடத்தில் இருக்க வழிசெய்தார். கோப்பை எப்படி உடைகிறது, அழுக்கு எந்த மூலையில் தங்குகிறது என்பது கழுவிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். புத்தகப் படிப்பு இல்லாத இடத்தில் கைப் பழக்கம் அவருக்கு உதவியது.

இயந்திர வேலைக்கு ஜோர்ஜ் பட்டர்ஸ் என்ற இளைஞர் துணையாக வந்தார். ரயில்வேயில் இயந்திர வேலை பார்த்தவர் அவர். மற்ற ஆண்களோடு ஜோசபினுக்கு நேர்ந்த அனுபவம் வேறு. தாம் சொன்னபடி அவர்கள் செய்வதில்லை, தங்கள் எண்ணப்படி செய்து பார்த்துப் பிழைத்த பிறகுதான் தம் வழிக்கு வருவார்கள், அதற்குள் தமது பணம் வீணாகிவிடும் என்று பிற்காலத்தில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அவர் சொல்லியிருக்கிறார். படித்த பொறியியலாளர் அல்ல என்பதால் தமது சொந்தக் கண்டுபிடிப்பிலேயே தம் சொல் எடுபடவில்லை என்பதுதான் அவருடைய குறை.

வீடு கட்டும்போது மேசனிடம் ஒன்றைச் சொல்லி, அவர் வேறொன்றைச் செய்து, பிறகு இடித்துக் கட்டிய சகோதரிகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை!

காணிக்கு உறுதி, கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை

1885 ஆம் ஆண்டின் கடைசி நாளில், டிசம்பர் 31 இல், ஜோசபின் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1886 டிசம்பர் 28 இல் அது கிடைத்தது. அதன் இலக்கம் 355,139.

காப்புரிமை என்பது என்ன? உங்கள் காணிக்கு உறுதி இருப்பதுபோல உங்கள் கண்டுபிடிப்புக்கு அரசாங்கம் எழுதித் தரும் உறுதிதான் அது. குறிப்பிட்ட காலம்வரை உங்கள் அனுமதியில்லாமல் வேறு எவரும் அதைச் செய்து விற்க முடியாது. அமெரிக்காவில் தன் பெயரில் காப்புரிமை பெற்ற முதற் பெண்களுள் ஒருவர் மேரி கீஸ். வைக்கோலைப் பட்டு நூலோடு சேர்த்துப் பின்னும் முறைக்காக 1809 இல் அதைப் பெற்றார். ஆகவே சட்டம் பெண்களுக்கு வழியை அடைக்கவில்லை. இலினோய் மாநிலத்தில் மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்திருக்க 1861 இலும், தன் உழைப்பின் ஊதியத்தைத் தனதாக்கிக்கொள்ள 1869 இலும் சட்டங்கள் வந்திருந்தன.

ஆனால் சட்டம் ஒன்று, நடைமுறை வேறொன்று. தம் பெயரில் ஒரு பத்திரம் பெறமுடியும் என்று அறிந்திருந்த பெண்கள் குறைவு. அறிந்தவர்களிலும் அலுவலகப் படியேறிக் கேட்டவர்கள் இன்னும் குறைவு. ஜோசபின் கேட்டார். ஒரு கட்டுப் பொருள்கூட விற்று வருமானம் பார்க்கும் முன்னரே பத்திரத்தைத் தம் பெயரில் எழுதுவித்துவிட்டார். பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றியது அந்த ஒரு காரியந்தான்.

கம்பனிக்குக் காரிஸ்-கொக்ரன் என்று பெயர் வைத்தார். காரிஸ் தகப்பனாரின் பெயர், கொக்ரன் கணவரின் பெயர். பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் பெயர்ப்பலகையில் சேர்த்து எழுதினார். நடத்தியவரோ அவர்தான்.

தனியே கடந்த மண்டபம்

பொருள் செய்தாகிவிட்டது. வாங்குவது யார்? 

ஷெல்பிவில்லிலிருந்து போகக்கூடிய பெருநகரம் சிக்காகோ. 1871 இல் நடந்த பெருந்தீயில் அந்த நகரத்தின் பெரும்பகுதி எரிந்து சாம்பலானது. பாமர் ஹவுஸ் என்ற புகழ்பெற்ற ஹோட்டல் திறந்து இரண்டு கிழமை ஆகுமுன்னரே அந்தத் தீயில் அழிந்தது. ஆனால் நகரம் மீண்டும் எழுந்தது. ரயில் பாதைகள் பல அங்கு வந்து கூடியதால் பயணிகள் பெருகினார்கள். பெரிய பெரிய ஹோட்டல்கள் கட்டப்பட்டன. ஒரு வேளைக்கு நூற்றுக்கணக்கானோர் சாப்பிடும் இடங்களில் கழுவவேண்டிய கோப்பைகளுக்குக் குறைவில்லை.

புதிதாகக் கட்டப்பட்ட அதே பாமர் ஹவுஸ்தான் ஜோசபினின் முதல் வாடிக்கையாளர்களுள் ஒன்றானது. அடுத்து ஷெர்மன் ஹவுஸ் ஹோட்டல். அங்கு அவர் தனியாகப் போனார். அந்தக் காலத்தில் மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண் ஒருத்தி ஆண் துணையில்லாமல் ஹோட்டல் மண்டபத்துக்குள் நுழைவது வழக்கமில்லை. தந்தையோ கணவரோ கூட இல்லாமல் அதுவரை எங்கும் போயிராத தமக்கு, அந்த மண்டபத்தைத் தனியே கடந்துபோனதுதான் வாழ்க்கையில் மிகக் கடினமான காரியங்களில் ஒன்றாக இருந்தது என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் மயங்கி விழுந்துவிடுவேனோ என்று பயந்தாராம். விழவில்லை. 800 டொலர் பெறுமதியான ஓடருடன் திரும்பி வந்தார்.

இயந்திரத்தைக் கண்டுபிடித்ததைவிட ஒரு மண்டபத்தைக் கடந்தது கடினமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? நான் நம்புகிறேன். பிரதேச செயலகத்தின் வாசலில், வங்கி முகாமையாளரின் அறைக்கு வெளியே, கையில் கோப்புடன் நின்று, உள்ளே போவதா திரும்பிவிடுவதா என்று தயங்கும் சகோதரிகள் பலரை என் பணியில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேலைக்குப் பயப்படுவதில்லை. தனியாக வந்திருக்கிறாளே என்று பார்க்கும் கண்களுக்குத்தான் பயப்படுகிறார்கள்.

பணம் தருகிறோம், பொறுப்பைத் தாருங்கள்

ஓடர்கள் வந்தன. ஆனால் தொழிலை விரிவாக்க மூலதனம் வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் அவருக்குச் சொந்தத் தொழிற்சாலை இருக்கவில்லை. வெளிக் கம்பனியைக் கொண்டே இயந்திரங்களைச் செய்விக்க வேண்டியிருந்தது. அதற்குச் செலவும் அதிகம், அவருடைய சொல்லுக்கு மதிப்பும் குறைவு.

முதலீடு செய்யக்கூடியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் விதித்த நிபந்தனைதான் பிரச்சினை. கம்பனியின் நிர்வாகத்தை ஆண்களிடம் ஒப்படைத்தால் பணம் தருவோம் என்றார்கள். அவசரத்தில் இருந்த ஒரு விதவைக்கு அது பெரிய சோதனை. சரியென்று கையெழுத்துப் போட்டிருந்தால் கடன் தொல்லை அன்றே தீர்ந்திருக்கலாம். தம் கண்டுபிடிப்பு விற்பனையாகும் கம்பனியில் அவர் ஒரு பங்காளியாக, பிறகு பெயரளவில் ஒரு ஆளாக, பிறகு எவருக்கும் தேவையில்லாதவராக ஆகியிருக்கவும் கூடும்.

அவர் ஒப்படைக்கவில்லை. வந்த ஓடர்களின் வருமானத்திலேயே மெதுவாக, ஆண்டுக்கணக்கில், வளர்ந்தார். 1898 ஆம் ஆண்டில்தான், அதாவது காப்புரிமை பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர்தான், சொந்தத் தொழிற்சாலை திறந்தார். அதுவும் புதுக் கட்டடமல்ல, கைவிடப்பட்டிருந்த ஒரு பாடசாலைக் கட்டடம். விறகுக் கொட்டிலில் அவருடைய சொல்லைக் கேட்டு வேலை செய்த அதே ஜோர்ஜ் பட்டர்ஸ் தொழிற்சாலையின் பொறுப்பாளரானார். ஆண்கள் எல்லோரையும் அவர் ஒதுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தம்மை மதித்து வேலை செய்தவரைத் தம்மோடு வைத்துக்கொண்டார்.

உலகக் கண்காட்சியில் ஒன்பது இயந்திரங்கள்

இதற்கிடையில் 1893 இல் சிக்காகோவில் பெரும் உலகக் கண்காட்சி ஒன்று நடந்தது. கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த 400 ஆவது ஆண்டின் நினைவாக மே மாதம் முதல் ஒக்டோபர் மாதம் வரை நடந்த அதற்கு 2 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாகின. சுவாமி விவேகானந்தர் உரையாற்றிப் புகழ்பெற்ற சர்வமத மகாசபை இந்தக் கண்காட்சியின் தொடர்பில் நடந்ததுதான். இலங்கையும் அங்கு தனி மண்டபம் அமைத்துத் தன் தேயிலையைக் காட்சிக்கு வைத்திருந்தது.

இத்தனை இலட்சம் பேர் வந்தால் சாப்பிடவேண்டும் அல்லவா? கண்காட்சியிலிருந்த உணவகங்களிலும் மண்டபங்களிலும் ஜோசபினின் ஒன்பது இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கோப்பை கழுவும் வேலை முதன்முறையாகப் பலர் வேடிக்கை பார்க்கும் காட்சியாயிற்று! இயந்திர அமைப்புக்கும் நீடித்த உழைப்புக்கும் அவருக்குப் பரிசு கிடைத்தது. அவருடைய பெரிய ரக இயந்திரம் இரண்டு நிமிடத்தில் 240 கோப்பைகளைக் கழுவும் என்று சொல்லப்பட்டது.

ஹோட்டல்களைத் தொடர்ந்து வைத்தியசாலைகளும் கல்லூரிகளும் வாங்கத் தொடங்கின. கை தாங்காத சூட்டிலுள்ள நீரில் அலசப்படுவதால் கோப்பைகள் கூடுதல் சுத்தமாக இருந்தன. நோய் பரவாமல் தடுக்க அது உதவும் என்பது வைத்தியசாலைகளுக்குப் பெரிய காரணமாயிற்று. மெக்சிக்கோ முதல் அலாஸ்கா வரை அவருக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

வீட்டுப் பெண்கள் ஏன் வாங்கவில்லை?

ஒரு விடயம் மட்டும் ஜோசபின் எண்ணியதுபோல நடக்கவில்லை. வீட்டுப் பெண்களின் சுமையைக் குறைக்கவேண்டும் என்றுதான் அவர் தொடங்கினார். வீட்டுக்கென்று சிறிய இயந்திரமும் செய்தார். ஆனால் வீடுகளில் அது விற்கவில்லை.

விலை அதிகம் என்பது ஒரு காரணம். அந்த இயந்திரத்துக்கு வேண்டிய அளவு சுடுநீர் பெரும்பாலான வீடுகளில் இல்லை என்பது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை ஜோசபினே விளக்கினார். எனக்கு அவருடைய வரலாற்றில் மிகவும் பெறுமதியாகப் பட்டது அதுதான். சமையலறைக்கு 75 அல்லது 100 டொலர் செலவழிக்கவேண்டும் என்று வரும்போது ஒரு பெண் அந்தப் பணத்தில் வீட்டுக்கு வேறு என்னென்ன வாங்கலாம் என்று உடனே கணக்குப் போடுகிறாள். தன்னுடைய நேரத்துக்கும் தன்னுடைய உடலின் ஓய்வுக்கும் ஒரு விலை உண்டு என்று நினைக்க அவள் இன்னும் பழகவில்லை. அதோடு பெரிய தொகையைச் செலவழிப்பதைப் பற்றி முடிவெடுப்பவளும் அவளல்ல என்பதே அவர் சொன்னதன் சாரம்.

ஹோட்டல் முதலாளி அப்படி நினைக்கவில்லை. கோப்பை கழுவுபவர்களுக்கு அவர் சம்பளம் கொடுத்தார். உடைந்த கோப்பைகளுக்கும் அவர்தான் பணம் கொடுத்தார். ஆகவே இயந்திரத்தால் எவ்வளவு மிச்சம் என்று அவருக்கு உடனே தெரிந்தது. அந்த மிச்சத்தில் ஒரு பகுதி, சமையலறையின் பின்புறத்தில் கோப்பை கழுவியவர்களின் கூலிதான் என்பதையும் நாம் மறக்கலாகாது. வீட்டிலோ அதே வேலைக்குச் சம்பளமில்லை. சம்பளமில்லாத வேலைக்கு விலை போட எவருக்கும் தோன்றவில்லை, அதைச் செய்தவளுக்குக்கூட.

நான் களப்பணி செய்யும் கிராமங்களில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். கணக்குக் கொப்பியில் மா, தேங்காய், விறகு, உப்பு, கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளையின் சைக்கிளுக்கு ஒட்டுப்போட்ட காசு என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருப்பார்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பிப் புகைக்குள் இருந்த நான்கு மணித்தியாலம் எந்தப் பக்கத்திலும் இராது. அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், “அதுக்கும் காசோ மிஸ்?” என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜோசபின் சொன்னது ஞாபகம் வரும். நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

உங்கள் மணித்தியாலத்தைக் கணக்கில் எழுதாவிட்டால் இடியப்பத்தின் உண்மையான அடக்கவிலை உங்களுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் கடைக்காரர் சொல்லும் விலைதான் விலை.

கடைசிவரை

1912 ஆம் ஆண்டில், 73 வயதில், ஜோசபின் நியூயோர்க் நகரத்துக்குப் பயணம் போனார். அங்கு புதிதாக எழுந்த ஹோட்டல்களுக்குத் தம் இயந்திரங்களை விற்றார். ஒரு காலத்தில் ஒரு மண்டபத்தைக் கடக்கப் பயந்தவர் அவர்.

அடுத்த ஆண்டு, 1913 ஆகஸ்ட் மாதத்தில், சிக்காகோவில் காலமானார். ஷெல்பிவில்லில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் இறப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னர்தான் இலினோய் மாநிலப் பெண்களுக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை கிடைத்தது. அமெரிக்கா முழுவதற்கும் பெண்களின் வாக்குரிமை 1920 இல் வந்தது. நம் நாட்டில் அது 1931 இல் வந்தது. காப்புரிமையும் தொழிற்சாலையும் வைத்திருந்து, பலருக்குச் சம்பளம் கொடுத்த ஒரு பெண், நாட்டின் ஜனாதிபதியைத் தெரிவுசெய்ய ஒரு தடவைகூட வாக்களிக்காமல் போய்ச் சேர்ந்தார்.

அவருக்குப் பின் கம்பனியை 1926 இல் ஹோபார்ட் என்ற கம்பனி வாங்கியது. ரொட்டி மா குழைப்பது முதலான பெரிய சமையலறை வேலைகளுக்கு இயந்திரம் செய்வதில் பெயர்பெற்றது அது. அதன் கிச்சன்எயிட் என்ற பெயரில் 1949 இல் வீடுகளுக்கான பாத்திரம் கழுவும் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. அப்போது வீடுகளில் சுடுநீர் வசதி பெருகியிருந்தது. ஜோசபினால் திறக்கமுடியாத வீட்டுக் கதவு, அவர் மறைந்து 36 ஆண்டுகளுக்குப் பின் திறந்தது. கிச்சன்எயிட் பெயர் 1986 இல் வேர்ள்பூல் கம்பனியிடம் போயிற்று. கம்பனியின் பெயர்ப்பலகையிலிருந்து காரிஸும் கொக்ரனும் எப்போதோ மறைந்துவிட்டன. ஆனால் அந்த இலக்கமிட்ட காப்புரிமைப் பத்திரத்தில் அவருடைய பெயரே இன்றும் இருக்கிறது. அதை ஆதாரமாகக் கொண்டுதான் 2006 இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவருடைய பெயரைச் சேர்த்துக் கௌரவித்தார்கள். தாளில் எழுதப்பட்டிராவிட்டால் அதையும் யாரோ ஓர் ஆணின் கண்டுபிடிப்பு என்று சொல்லியிருப்பார்கள்.

உங்கள் சங்கத்தில் பேசுங்கள்

சகோதரிகளே, எல்லோரும் இயந்திரம் கண்டுபிடிக்கவேண்டும் என்பதல்ல என் கருத்து. கோழி வளர்ப்போ, தையலோ, மிளகாய்த்தூள் இடித்துப் பைக்கற்றில் அடைப்பதோ, நீங்கள் செய்யும் தொழில் எதுவாயினும், மாதர் சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி இந்த மூன்று கேள்விகளையும் பேசிப்பாருங்கள்.

ஒன்று: உங்கள் தொழிலின் பதிவும், வங்கிப் புத்தகமும், வாழ்வாதார உதவியாகக் கிடைத்த இயந்திரத்தின் பற்றுச்சீட்டும் யாருடைய பெயரில் உள்ளன? தம்பியோ மருமகனோ ஓடித்திரிந்து உதவுவது நல்லது. உதவிக்கு நன்றி சொல்லலாம், சம்பளமும் கொடுக்கலாம். பெயரை மாற்றி எழுதவேண்டியதில்லை.

இரண்டு: பணம் தருகிறோம் என்று வருபவர்கள் பதிலுக்கு எதைக் கேட்கிறார்கள்? வட்டியை மட்டும் பார்க்காதீர்கள். எந்த இடத்தில் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள், அதற்குப் பிறகு முடிவெடுப்பது யார் என்பதையும் வாசிப்பித்துக் கேளுங்கள். விளங்கும்வரை கேட்பது உங்கள் உரிமை.

மூன்று: உங்கள் கணக்குக் கொப்பியில் உங்கள் நேரத்துக்கு ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே ஒரு கோடு கீறி அதற்கு இடம் விடுங்கள். எவ்வளவு போடுவது என்று தெரியாவிட்டால், அதே வேலைக்கு வேறொருவரை வைத்தால் எவ்வளவு கூலி கொடுப்பீர்களோ அதைப் போடுங்கள்.

கோப்பை கழுவும் வேலை நாளைக்கும் இருக்கும். அதைச் செய்யும் கைகளுக்கு ஒரு பெறுமதி உண்டு என்பதை முதலில் நாங்கள் எழுதி வைப்போம். மற்றவர்கள் பிறகு வாசிப்பார்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.